மடக்கு வண்டி வாங்குமுன்...

குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போய் வருவது என்றால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். கடற்கரையோ, பூங்காவோ, ஆற்றங்கரையோ, குலதெய்வம் கோவிலோ... எங்கே போனாலும் கூடவே ஒரு மூட்டை வரும். தண்ணீர், கட்டுச் சாதம், ஜமுக்காளம், மாற்றுத் துணி, துண்டு, மாத்திரை டப்பா, பந்து, மட்டை! இறங்கியதும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். வீட்டுக்காரர் 'காரை நிறுத்திட்டு வந்துடறேன்' என்று போய்விடுவார். மிச்சம் நிற்பது யார்? நாமும் மூட்டையும்தான்!

பிள்ளைகளின் புத்தகப் பை அவர்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 2020-ல் மத்திய அரசு ஒரு கொள்கையே வகுத்தது. நல்ல விஷயம். அம்மாக்களின் பைக்கு அளவு வைக்க மட்டும் நாமேதான் ஏதாவது வழி செய்து கொள்ள வேண்டும்!

அப்படி ஒரு வழிதான் இந்த மடக்கு வண்டி. சில வருஷங்களாகக் கடற்கரையிலும் விளையாட்டு மைதானங்களிலும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாலு சக்கரம், இரும்புச் சட்டம், அதில் தொட்டி மாதிரி தைத்து மாட்டிய கெட்டித் துணி, முன்னால் இழுத்துச் செல்ல நீளமாக ஒரு கைப்பிடி. வேலை முடிந்ததும் அடியில் நடுவே இருக்கும் பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் சட்டம் கத்தரி மாதிரி சுருங்கிக் கொள்ளும். கடைகளில் 'ஃபோல்டிங் வேகன்' என்பார்கள்.

இரண்டு பேரிடம் இரவல் வாங்கி இழுத்துப் பார்த்து, நாலு கடை ஏறி இறங்கி, போன பொங்கலுக்கு முன்னால் நாங்கள் ஒன்று வாங்கினோம். வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு நான் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது?

எனக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு வருஷமாக இடுப்பு வலி. "கனம் தூக்கக் கூடாது, குனிஞ்சபடி எதையும் இழுத்து எடுக்கக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அவரைக் கூட்டிப் போக வேண்டுமென்றால் ஒரு மடக்கு நாற்காலி வேண்டும். நாற்காலியைத் தூக்கினால் சாப்பாட்டைத் தூக்க ஆளில்லை. சாப்பாட்டைத் தூக்கினால் நாற்காலிக்கு ஆளில்லை!

ஒவ்வொரு தடவையும் அவராகவே, "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவார். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பெசன்ட் நகரிலிருந்து நாலு மைல் தள்ளி இருந்து கொண்டு, அந்த அம்மாள் கடலைப் பார்த்து இரண்டு வருஷம்! பிள்ளைகளுக்கும் பாட்டி இல்லாமல் போவதே பழகிவிட்டது. அதுதான் எனக்கு உறுத்தியது. ஆகவே, இது ஆடம்பரத்துக்கு வாங்கிய சாமான் அல்ல. நாற்காலியும் வரவேண்டும், சாப்பாடும் வரவேண்டும், என் இடுப்பும் பிழைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தத் தேடல்.

'கடை போடப் போறியா?'

விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான். "நாலு பேர் பாக்க அதை இழுத்துக்கிட்டு வரணுமா? பிளாட்பாரத்துல கடை போடப் போறியா?" என்றார்.

இந்தக் கூச்சம் புதிது அல்ல. அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தில் சில்வன் கோல்ட்மேன் என்ற கடைக்காரர் 1937-ல், மடக்கு நாற்காலியைப் பார்த்து ஒரு யோசனை தோன்றி, அதற்குச் சக்கரமும் கூடையும் வைத்துக் கடைக்குள் தள்ளிக் கொண்டு போகும் வண்டியைச் செய்தார். இன்று எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் நாம் தள்ளுகிறோமே, அதற்கு மூலம் அதுதான். ஆனால் முதலில் யாரும் தொடவில்லையாம்! பெண்கள், 'பிள்ளை வண்டி தள்ளியது போதாதா?' என்றார்கள். ஆண்களுக்கோ, 'எங்களுக்கா தூக்கத் தெம்பில்லை?' என்ற எண்ணம். கடைசியில் அவர் கூலிக்கு ஆள் வைத்துக் கடைக்குள் வண்டியைத் தள்ளிக் கொண்டு நடக்கச் சொன்னாராம். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கூச்சம் விட்டது.

இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். என் மாமியார் ஒரு படி மேலே போய், "ஏண்டா, ஆடிப் பதினெட்டுக்குச் சப்பரம் இழுத்துக்கிட்டு தெருத்தெருவாப் போனியே, அப்ப வராத வெட்கம் இப்ப எங்கேர்ந்து வந்தது?" என்றார். தஞ்சாவூர்ப் பக்கம் சின்னப் பிள்ளைகள் மரச் சப்பரத்தைக் கயிறு கட்டி ஆற்றங்கரைக்கு இழுத்துப் போவார்கள். இவரும் இழுத்தவர்தான். அதோடு வாதம் முடிந்தது!

முதலில் மூட்டையை எடை போடுங்கள்

கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் வழக்கமாகக் கொண்டு போகும் சாமான்களை ஒரு இடத்தில் வைத்து எடை போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு, ஆறு பேருக்கு, ஒரு பகல் பொழுதுக்கு:

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் – 9 கிலோ
புளியோதரை, தயிர் சாதம், பாத்திரம், தட்டு எல்லாம் சேர்த்து – 5 கிலோ
மடக்கு நாற்காலி – 3 கிலோ
துணிமணி, துண்டு – 3 கிலோ
ஜமுக்காளம் – 2 கிலோ
பந்து, மட்டை – ஒன்றரை கிலோ
ஃபிளாஸ்க், குடை, மருந்து டப்பா – ஒன்றரை கிலோ

ஆக மொத்தம் 25 கிலோ! இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே வெறும் தண்ணீர். போகிற இடத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் பாதித் தண்ணீரோடு கிளம்பலாம். அதற்குக் காசே வேண்டாம்!

இந்தக் கணக்கு எதற்கு என்றால், வண்டியின் பெட்டி மேலே '80 கிலோ தாங்கும்', '100 கிலோ தாங்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கடைக்காரரும் அதைத்தான் முதலில் காட்டுவார். நமக்கு வேண்டியது 25 கிலோ. பண்டிகைக்கு நாத்தனார் குடும்பமும் சேர்ந்து வந்தால் 40 கிலோ. அதற்கு மேல் தாங்குகிற பலத்துக்குக் காசு கொடுத்து நமக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை. அந்தப் பலம் பெரும்பாலும் கெட்டியான இரும்பாகத்தான் வரும். இரும்பு என்றால் கனம்!

யாரும் கேட்காத கேள்வி

நான் போன கடைகளில் எல்லாம், 'எவ்வளவு தாங்கும்?' என்று கேட்டவர்களைப் பார்த்தேன். 'வண்டியே எவ்வளவு கனம்?' என்று கேட்டவர்களைப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வி.

யோசித்துப் பாருங்கள். 25 கிலோ மூட்டையைப் பிரித்துப் பிரித்து எடுத்து வைக்கலாம். தண்ணீரைத் தனியாக, சாதத்தைத் தனியாக, நாற்காலியைப் பையனிடம் கொடுத்து... இப்படி. ஆனால் வண்டியைப் பிரித்துத் தூக்க முடியாது. வீட்டு மாடிப்படி இறங்கும்போது ஒரு தடவை, கார் டிக்கியில் வைக்கும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது இத்தனையும் மறுபடி. தரையில் சக்கரம் சுமக்கும். தரையை விட்டு மேலே எழும்போது அதை நாம்தான் சுமக்க வேண்டும்!

இந்த வகை வண்டிகள் சாதாரணமாக 8 கிலோவிலிருந்து 12 கிலோ வரை இருக்கின்றன. அகலச் சக்கரம் போட்டவை இன்னும் கனம். நான்கு கிலோ வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும். குனிந்து, கையை நீட்டி, டிக்கியின் விளிம்புக்கு மேலே தூக்கிப் பாருங்கள், தெரியும்! மாதவிலக்கு நிற்கிற வயதுக்குப் பிறகு எலும்பின் பலம் குறையும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அறுபது வயதிலும் நம்மால் தூக்க முடிகிற வண்டியாக இன்றே வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சில வண்டிகளில் சக்கரத்தைப் பட்டனை அழுத்திக் கழற்றலாம். கழற்றி வைத்தால் தூக்கும் கனமும் குறையும், டிக்கியில் இடமும் மிச்சம். எங்களுடையது அந்த ரகம்தான்.

சக்கரத்தில்தான் இருக்கிறது சூட்சுமம்

என் ஓரகத்தியிடம் அகலச் சக்கர வண்டி இருக்கிறது. மாடி வீட்டு அக்காவிடம் ஒல்லிச் சக்கர வண்டி. இரண்டையும் இரவல் வாங்கி, ஒரே மூட்டையை வைத்து, பெசன்ட் நகர் கடற்கரை மணலில் இழுத்துப் பார்த்தோம்.

ஒல்லிச் சக்கரம் தார் ரோட்டிலும் சிமெண்டுத் தரையிலும் பூப்போல ஓடியது. மணலில் பத்தடி போவதற்குள் கத்தி மாதிரி இறங்கி நின்றுவிட்டது. காரணம் எளிது. ஒல்லிச் சக்கரத்தில் கனம் முழுவதும் குறுகிய இடத்தில் இறங்குகிறது; அகலச் சக்கரத்தில் பரவி இறங்குகிறது. சேற்றில் பலகை போட்டு நடப்பதில்லையா, அது போலத்தான். ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதற்கும் இதே காரணம்தான்!

அதற்காக எல்லோரும் அகலச் சக்கரம்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போன வருஷம் எத்தனை தடவை வெளியே போனீர்கள், அதில் எத்தனை தடவை மணலில் நடந்தீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எங்களுக்குப் பதினோரு தடவையில் மணல் மூன்றே தடவை. மீதியெல்லாம் கோவில், பூங்கா, ரயில் நிலையம், கல்யாண மண்டபம். மூன்று தடவைக்காகப் பதினோரு தடவையும் கனத்தைத் தூக்குவானேன்? அதனால் இரண்டுக்கும் நடுவான அகலத்தில் வாங்கினோம். மணலில் போகும் அன்றைக்குத் தண்ணீரில் பாதியைப் பையன்கள் தோளில் போட்டுக் கொள்வார்கள். வண்டி இலேசானால் புதையாது. அலை நனைத்துக் கெட்டியான ஈர மணல் ஓரமாகப் போனால் இன்னும் சுலபம்.

சக்கரம் உயரமாக இருப்பதும் முக்கியம். குட்டைச் சக்கரம் சின்னக் கல், நடைபாதை விளிம்பு எல்லாவற்றிலும் முட்டி நிற்கும். முன் சக்கரம் இரண்டும் சுற்றித் திரும்புகிறதா என்று பாருங்கள். கூட்டத்தில் திருப்ப அதுதான் உதவும். காற்றடிக்கும் சக்கரம் மெத்தென்று ஓடும், ஆனால் 'பங்க்சர்' ஆகும். நமக்குக் கெட்டி ரப்பரே போதும்.

கைப்பிடி, துணி, தாழ்ப்பாள்

கைப்பிடி: நின்று கொண்டு, கையை மடக்காமல், முதுகைக் குனியாமல் இழுக்க முடிய வேண்டும். நீளம் போதவில்லை என்றால் வண்டி நம் குதிகாலில் இடிக்கும். வீட்டில் உயரமானவர், குள்ளமானவர் இருவரும் இழுப்பார்கள் என்றால் நீட்டிக் குறைக்கும் கைப்பிடி நல்லது.

துணி: கழற்றித் துவைக்க முடிகிற மாதிரி இருக்க வேண்டும். புளியோதரை எண்ணெய் சிந்தாமல் ஒரு பிக்னிக் உண்டா? மூலைகளில் இரட்டைத் தையல் இருக்கிறதா என்று விரலால் இழுத்துப் பாருங்கள். அடியில் கெட்டிப் பலகை இருந்தால் நடுப்பகுதி தொங்காது.

பிரேக்: சக்கரத்தைக் காலால் பூட்டும் தாழ்ப்பாள் இருப்பது அவசியம். சரிவில் நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பிடிக்க ஓடினால், வண்டி நம்மைத் தாண்டி ஓடும்!

மடித்த அளவு: கார் டிக்கியை 'இஞ்சி டேப்'பால் அளந்து எழுதிக் கொண்டு போங்கள். காஸ் சிலிண்டர் பொருத்திய கார் என்றால் மிச்சமுள்ள இடத்தை அளக்க வேண்டும். மடித்த பின் தானாக நிமிர்ந்து நிற்கிற வண்டி, வீட்டில் கதவுக்குப் பின்னாலேயே அடங்கிவிடும்.

தண்ணீர் கேன் பரீட்சை

ஒரு கடையில், "பெட்டியைப் பிரிச்சா திருப்பி மடிக்க முடியாது மேடம், படத்தைப் பாத்துக்குங்க" என்றார்கள். நாங்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டோம். படத்தைப் பார்த்துப் புடவை வாங்கலாம். வண்டி வாங்கக் கூடாது. கடையிலேயே நாலு தடவை நீங்களே விரித்து, நீங்களே மடித்துப் பாருங்கள். கடைப் பையன் மடித்துக் காட்டுவது கணக்கில் சேராது.

தபாலில் வரவழைப்பதானால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு பரீட்சை வையுங்கள். குடிதண்ணீர் வரும் 20 லிட்டர் கேன் இருக்கிறதல்லவா? ஒன்று சுமார் 20 கிலோ. இரண்டை வண்டியில் வைத்துத் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். சக்கரம் சாய்கிறதா, சட்டம் கிறீச்சிடுகிறதா, கைப்பிடி வளைகிறதா, எல்லாம் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். (கேனை வண்டியில் வைப்பது யார் என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு அவர்தான்!)

குழந்தையை உட்கார வைக்கலாமா?

நாத்தனாரின் மூன்று வயதுப் பேரன் வண்டியைப் பார்த்ததும் உள்ளே ஏறி உட்கார்ந்து கொண்டு இறங்க மாட்டேன் என்றான். எல்லா வீட்டிலும் இது நடக்கும். ஆனால் சாமான் வண்டி வேறு, பிள்ளை வண்டி வேறு. பிள்ளைகளுக்கென்றே செய்த வண்டியில் உட்காரும் இடம், தோளையும் இடுப்பையும் பிணைக்கும் பெல்ட், பிரேக் எல்லாம் இருக்கும். சாமான் வண்டியில் இவை இராது. குழந்தை எழுந்து நின்றாலே குடை சாயும். வண்டியோடு வரும் தாளில் என்ன போட்டிருக்கிறது என்று படித்து அதன்படி நடப்பதே நல்லது. எங்கள் வண்டியில் சாமான் மட்டும்தான்.

இன்னொன்று. மடிக்கும்போது கம்பிகள் கத்தரிபோல மூடும். சின்ன விரல் நடுவே மாட்டினால் அவ்வளவுதான். மடிக்கும்போது குழந்தைகளைப் பத்தடி தள்ளி நிறுத்துங்கள்.

யாருக்கு இது வேண்டாம்?

கார் இல்லாமல் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்த நாலு சக்கர வண்டி தொந்தரவுதான். படி ஏற்றி இறக்கியே அலுத்துப் போகும். அவர்களுக்கு இரண்டு சக்கரம் வைத்த சின்ன மடக்கு 'டிராலி'யும் கட்ட ஒரு ரப்பர் கயிறும் போதும். கனமும் விலையும் குறைவு. 'லிப்ட்' இல்லாத மூன்றாம் மாடிக்காரர்களுக்கும் அதையே சொல்வேன். வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் வெளியே போகிறவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் கேட்கலாம். அல்லது அக்கா தங்கை சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைத்துக் கொள்ளலாம்.

வாங்கிய பிறகு

* கனமான சாமான் அடியில், நடுவில். இலேசானது மேலே. நாற்காலியை மேலே படுக்க வைத்துக் கயிற்றால் கட்டுங்கள்.

* காரில் ஏற்றுமுன் வண்டியைக் காலி செய்யுங்கள். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குங்கள். ஒரு முனையை டிக்கி விளிம்பில் சாய்த்து, பிறகு உள்ளே தள்ளுங்கள். தூக்கிக் கொண்டே இடுப்பைத் திருப்பாதீர்கள். முடிந்தால் இரண்டு பேர்.

* சரிவில் இறங்கும்போது ஒருவர் பின்னால் பிடித்துக் கொள்ள வேண்டும்.

* கடற்கரைக்குப் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து நிழலில் காய வையுங்கள். மறுநாள் அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய். உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் அல்வா!

* மெரீனாவில் மாற்றுத் திறனாளிகளுக்காக 2022-ல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். மணலில் இழுக்கச் சிரமமாக இருக்கிறதே என்று நம் சாமான் வண்டியை அதில் ஏற்றி வழியை அடைக்காதீர்கள். சக்கர நாற்காலிக்கு வேறு வழி கிடையாது, நமக்கு உண்டு.

தை மாதத்திலிருந்து இதுவரை எங்கள் வண்டி ஆறு தடவை வெளியே போய் வந்திருக்கிறது. ஆறு தடவையும் நாற்காலியும் போயிருக்கிறது. நாற்காலிக்கு உரியவரும் வந்திருக்கிறார். 'வீட்டைப் பாத்துக்கறேன்' என்ற பேச்சு நின்றுவிட்டது. இப்போதெல்லாம் வீட்டைப் பார்த்துக் கொள்வது பூட்டுதான்!

கடைசியாக ஒரு வார்த்தை. வண்டி வந்துவிட்டது என்பதற்காக அதை இழுக்கும் வேலையும் அம்மாவுக்கே வந்து சேர்ந்துவிடக் கூடாது. போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர் என்று முதல் நாளே முறை வைத்துவிடுங்கள். எந்த வண்டி வாங்கினாலும் இந்த விதி ஒன்றே!